அண்ணை ஏறாத விமானம்

பலாலி விமான நிலையத்தில் பயணிகள் காத்திருக்கும் கூடத்துக்கும் விமானம் நிற்கும் தளத்துக்கும் நடுவில் பெரிய கண்ணாடிச் சுவர் ஒன்று இருக்கிறது. அன்று காலை அதற்கு அந்தப் பக்கம் என் அண்ணை நின்றார். இந்தப் பக்கம் நான்.

வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார். புதிதாக மழித்த முகம். கையில் ஒரு துணிப்பை. உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். புழுக்கொடியல், எள்ளுருண்டை, ஊர் அம்மன் கோயில் திருநீறு. சென்னையில் இருந்த அவர் மனைவி, என் மச்சாள், கேட்டது திருநீறு மட்டும்தான். மற்றவை அவர் தானாகக் கட்டியவை.

என்னைக் கண்டதும் கையை உயர்த்திச் சிரித்தார். தன் தங்கை மஞ்சள் மேலங்கியோடு தளத்தில் நிற்கிறாள் என்று பக்கத்தில் இருந்த கிழவருக்குச் சுட்டிக் காட்டியதையும் பார்த்தேன்.

நான் கையை உயர்த்தவில்லை. அந்த விமானம் அன்று பறக்கப்போவதில்லை என்பது அந்த நேரத்தில் கப்டனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

வளைகுடாவில் நான் வேலை பழகிய கதைகளையே இந்தத் தொடரில் இவ்வளவு நாளும் எழுதி வந்தேன். ஒரு விமானத்தைப் போகவிடாமல் மறித்திருக்கிறீர்களா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பல தடவை மறித்திருக்கிறேன். பெரும்பாலானவை மறந்துவிட்டன. இதை மறக்க முடியவில்லை.

திருத்தட்டுமேன்

என் அண்ணையின் பெயர் சிவநேசன். ஊருக்கு நேசன். உரும்பிராயில் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். மழைக்காலத்தில் கோவாவும் கரட்டும்.

எனக்கு விமானத் திருத்த வேலை படிக்க இடம் கிடைத்தபோது வீட்டில் பெரிய கதையானது. “பொம்பிளைப் பிள்ளை பிளேன் திருத்தவோ?” என்று பெரியப்பா கேட்டார். அண்ணை மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு நின்றவர், திரும்பிக்கூடப் பார்க்காமல், “திருத்தட்டுமேன்” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து கோப்பாயில் வீடு எடுத்தேன். சென்னைக்கும் பலாலிக்கும் இடையில் பறக்கும் ஒரு சின்ன விமான நிறுவனத்தில் வேலை. இரண்டு விசிறி வைத்த விமானம். பலாலியில் அவர்களுடைய பொறியியலாளர் நான் ஒருத்திதான். காலையில் வரும், பார்ப்பேன், கையெழுத்து வைப்பேன், திரும்பிப் போகும்.

அண்ணையின் மனைவி மலர் மச்சாளுக்கு இருதயத்தில் ஒரு வால்வு பழுது. சென்னையில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். மச்சாள் தன் தங்கையோடு முன்னரே போய்விட்டார். அண்ணையால் கூடப் போக முடியவில்லை. வெங்காயம் கிண்டும் காலம். மழை இருட்டிக்கொண்டு நின்றது. விட்டுவிட்டுப் போனால் தோட்டத்திலேயே அழுகிவிடும்.

“சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் போனாப் போதும் அண்ணை. எங்கடை பிளேனிலை ஏறினா ஒரு மணித்தியாலம் சொச்சத்திலை மச்சாளுக்குப் பக்கத்திலை நிப்பியள்” என்று சொன்னதே நான்தான்.

சுன்னாகத்தில் வெடித்த பீப்பாய்

விமானத்தின் எரிபொருள் தாங்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இதற்கு மேல் எழுத முடியாது. அதைச் சொல்ல நான் சுன்னாகத்துக்குப் போகவேண்டும்.

யுத்த காலத்தில் எங்களிடம் பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெய்தான் எல்லாம். தண்ணீர் இறைக்கும் இயந்திரத்துக்கு அதுதான். மோட்டார் சைக்கிளுக்கும் அதுதான். சில துளி பெற்றோலை விட்டு உதைத்து, இயந்திரம் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, வீதி முழுக்கப் புகையாகப் போவார்கள். அந்த மணம் என் தலைமுறைக்குத் தோலில் ஊறியது. முதன்முதல் ஒரு பெரிய விமானத்தின் இறக்கைக்குக் கீழே நின்றபோது எனக்கு வந்த நினைப்பு, இது எங்கள் வீட்டு மணமல்லவா என்பதுதான். விமான எரிபொருளும் மண்ணெண்ணெய் இனம்தான்.

அந்த நாட்களில் எங்கள் உறவுக்காரர் ஒருவர் பழைய எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றைச் சுன்னாகத்தில் இரும்பு ஒட்டுவேலைக் கடைக்குக் கொண்டுபோனார். இரண்டாக வெட்டினால் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கலாம். பீப்பாய் எப்போதோ காய்ந்துவிட்டது. கவிழ்த்தால் ஒரு துளி விழாது.

தீ பட்டதும் மூடி கூரைக்கு மேலால் பறந்து வீதியில் விழுந்தது. ஒட்டுவேலைக்காரருக்கு ஒரு காது போனது. புருவம் பிறகு முளைக்கவேயில்லை. “வெறும் பீப்பாய்தானே, வெறும் பீப்பாய்தானே” என்று ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு கிடந்தாராம்.

வெறுமையாக இருந்ததுதான் காரணம். எரிவது எண்ணெய் அல்ல, எண்ணெயின் ஆவி. அது காற்றோடு கலக்க இடம் வேண்டும். நிறைந்த பீப்பாயில் அந்த இடம் இல்லை. காய்ந்த பீப்பாயில் இருக்கிறது.

இதே காரணத்தால் உலகத்தின் வேறொரு கரையில் ஒரு பெரிய விமானம் வானத்திலேயே வெடித்துச் சிதறியது. நான் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். ஏறத்தாழக் காலியாக இருந்த நடுத் தாங்கியில் வெப்பத்தால் ஆவி நிறைந்திருந்தது. எங்கிருந்தோ ஒரு பொறி. எங்கிருந்து என்று இன்றைக்கும் அறுதியாகச் சொல்ல முடியாது. வயர் ஒன்றாக இருக்கலாம் என்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் எங்கள் வேலையில் தாங்கி தொடர்பான விதிகள் இறுகின. தாங்கிக்குள் போகும் வயர் வேறு வயரோடு சேரக் கூடாது. இடைவெளி இவ்வளவு, உறை இப்படி, கட்டு இந்த இடத்தில். யாரும் தன் எண்ணத்துக்கு மாற்றக் கூடாது. அதில் கை வைத்தவர் தானே பார்த்துத் தானே சரி என்றும் சொல்லக் கூடாது. அனுமதி பெற்ற இன்னொருவர் தன் கண்ணால் பார்க்கவேண்டும்.

இறக்கைக்குள் மந்திரம்

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இது சிரிப்புக் கதை.

வளைகுடாவில் பெரிய விமானங்களின் தாங்கிக்குள் ஆட்களே இறங்கி வேலை செய்வோம். நான் சின்ன உருவம் என்பதால் என்னைத்தான் அடிக்கடி அனுப்புவார்கள். எண்ணெயை இறக்கி, காற்றை ஊதி ஆவியை வெளியேற்றி, கருவி வைத்து அளந்த பிறகுதான் உள்ளே போகலாம். பருத்தி உடுப்பு மட்டும். கைபேசி கூடாது. சாதாரண டோர்ச் கூடாது. பொறி தெறிக்காத டோர்ச் ஒன்று தருவார்கள்.

தாங்கியின் வாய் வழியாக நுழைந்தால் உள்ளே இருட்டு அறைகள், ஒன்றுக்குள் ஒன்று. வெளியே ஒருவர் காவல் நிற்பார். அவருக்கு வேறு வேலை இல்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை என் பெயரைக் கூப்பிடுவார். நான் பதில் சொல்லவேண்டும். பதில் வராவிட்டால் ஆவியில் மயங்கிவிட்டேன் என்று பொருள்.

ஒருநாள் கேரளத்துக்காரர் ஒருவர் காவல் நின்றார். “வதனி?” என்றார். நான் எங்கள் வழக்கப்படி, ஆம் என்பதற்கு, “ஓம்” என்றேன். மறுபடி “வதனி?” மறுபடி “ஓம்.” வெளியே வந்தபோது மனிதர் முகம் வெளிறி நின்றார். நான் உள்ளே பயத்தில் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறார். ஆளை இழுத்து எடுப்பதா விடுவதா என்று யோசித்தாராம்.

ஒரே கட்டுக்குள் இரண்டு வயர்

பலாலிக்கு வருகிறேன்.

அன்று காலை விமானம் நன்றாகத்தான் வந்து இறங்கியது. கப்டன் சென்னைக்காரர், நிதானமான மனிதர். இறங்கும்போதே சொன்னார். “லெஃப்ட் டேங்க் கேஜ் வர்ற வழியெல்லாம் ஆடிட்டே இருந்துச்சு மேடம்.”

தாங்கியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று காட்டும் மானி அது. அது பழுதானால் பயணத்தை நிறுத்தவேண்டும் என்றில்லை. கீழேயிருந்து கோல் இறக்கி அளந்து, அதற்குரிய நிபந்தனைகளோடு போகலாம். புத்தகத்தில் அதற்கு இடம் இருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்து இறக்கை அடியில் ஒரு மூடியைக் கழற்றினேன்.

ஆட்டத்துக்குக் காரணம் உடனே தெரிந்தது. இணைப்பில் ஒரு முள் தளர்ந்திருந்தது. அதைச் சரிசெய்துவிட்டு வயர் வழியே டோர்ச்சை ஓட்டினேன்.

கொஞ்சம் தள்ளி, மானியின் மெல்லிய வயரும் இறக்கை விளக்குக்குப் போகும் தடித்த வயரும் ஒரே கட்டுக்குள் இருந்தன.

யாரோ, எப்போதோ, எந்த ஊரிலோ விளக்கைத் திருத்தியிருக்கிறார்கள். வயர் தொங்கியிருக்கும். பக்கத்தில் இருந்ததோடு சேர்த்து ஒரு கட்டுப் போட்டிருக்கிறார்கள். பார்க்க வெகு நேர்த்தி.

மானியின் வயர் தாங்கிக்குள் போகிறது. அதில் ஓடுவது பொறி உண்டாக்கக்கூட வலுவில்லாத மின்சாரம். விளக்கு வயரில் ஓடுவது அப்படியல்ல. இரண்டும் உரசிக்கொண்டே பறந்து, ஒருநாள் தோல் தேய்ந்தால், அந்த மின்சாரம் தாங்கிக்குள் போகும்.

அந்தக் கட்டை வெட்டினேன். விளக்கு வயரை அதற்குரிய வழியில் கொண்டுபோய், உறை போட்டு, இடைவெளி அளந்து கட்டினேன். முடித்தபோது என் வேலையில் எனக்கு ஒரு ஐயமும் இருக்கவில்லை.

கப்டனிடம் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

“செகண்ட் இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள்?”

“கொழும்பிலையிருந்து வரவேணும் கப்டன். வீதியாலை வந்து சேர நாளைக்குக் காலமை ஆகும்.”

“எனக்கும் இன்னிக்கு வீட்டுக்குப் போகணும் மேடம். ஆனா நீங்க கையெழுத்துப் போடாம நான் கதவ மூட மாட்டேன்.” அவர் கண்ணாடிப் பக்கம் பார்த்தார். “யார் சொல்றது அவங்ககிட்ட?”

நிறுவனத்துப் பிள்ளை ஒலிபெருக்கியில் அறிவிப்பாள். ஆனால் அண்ணைக்கு அதை ஒலிபெருக்கி சொல்லக்கூடாது என்று நினைத்தேன். கண்ணாடியடிக்கு நடந்து வந்தது அதற்காகத்தான்.

அவர் கேட்டது

பணியாளர் கதவால் உள்ளே போய் அவரை ஓர் ஓரத்துக்குக் கூப்பிட்டேன்.

“அண்ணை, இண்டைக்கு இது போகாது.”

“பகிடி விடாதை பிள்ளை.”

“பகிடி இல்லை. எண்ணெய்த் தாங்கிக்குப் போற வயரிலை ஒரு பிழை இருந்தது.”

“இருந்ததோ, இருக்கோ?”

அவர் எப்போதும் சொல்லைப் பிடிக்கிறவர்.

“இருந்தது. நான் பிரிச்சுக் கட்டிப்போட்டன்.”

“சரியாத்தானே கட்டினனி?”

“ஓம் அண்ணை.”

“அப்ப ஏன் போகாது?”

சொன்னேன். இன்னொருவர் பார்க்கவேண்டும், இங்கே நான் மட்டும்தான், நாளைக்குக் காலைதான் ஆள் வருவார் என்று. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

“நாளைக்குக் காலமை அவளை உள்ளை கொண்டுபோயிடுவாங்கள், வதனி.”

“தெரியும்.”

“உன்ரை கையிலை உனக்கே நம்பிக்கை இல்லையோ?”

நான் கையை மேலங்கியில் துடைத்தேன்.

“வேறை ஆரும் கேட்டா மாட்டன் எண்டு சொல்லு. இப்ப நான் கேக்கிறன்.” குரலைத் தாழ்த்தினார். “நான் உன்னட்டை எப்பவாவது ஒண்டு கேட்டிருக்கிறனோ?”

கேட்டதில்லை. ஒரு தடவைகூட.

“ஏலாது அண்ணை” என்றேன். “கொழும்புக்கு வான் ஒண்டு பிடிச்சு விடுறன். கட்டுநாயக்காவிலை விடியப்புறம் சென்னைக்குப் பிளேன் இருக்கு.”

அதற்குள் ஒலிபெருக்கி பேசத் தொடங்கிவிட்டது. பின்னால் சத்தம் எழுந்தது. ஒரு குழந்தை அழுதது. சற்று முன்னர் அவர் என்னைச் சுட்டிக் காட்டிய கிழவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணை துணிப்பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். வான் வந்தபோது ஏறினார். நான் கதவடியில் நின்றேன். அவர் முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அடுத்த நாள் அவர் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மச்சாளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கடைசி நேரம்வரை “வந்திட்டாரோ, வந்திட்டாரோ” என்று கேட்டுக்கொண்டே போனாராம். இதை மச்சாளின் தங்கை தொலைபேசியில் எனக்குச் சொன்னாள். சொல்லவேண்டும் என்றே சொன்னாள்.

நிமலின் பாராட்டு

அதே காலை இரண்டாவது பரிசோதனைக்குக் கொழும்பிலிருந்து நிமல் வந்து இறங்கினார். பயணக் களைப்போடு நேரே இறக்கைக்கு அடியில் போனார். அவசரப்படாத மனிதர். டோர்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு கட்டாகப் பார்த்தார். கண்ணாடி ஒன்றை வளைத்துப் பிடித்து, கண்ணுக்கு எட்டாத பக்கத்தையும் பார்த்தார். மின்காப்புச் சோதனை செய்தார். நான் வெட்டி எடுத்த பழைய கட்டையும், வயர்கள் சேர்ந்திருந்த இடத்தையும் விரலால் தடவிப் பார்த்தார்.

மேசையில் கைபேசி கிடந்தது. சத்திரசிகிச்சை முடிந்த செய்தி இன்னும் வரவில்லை.

அவர் ஒரு பிழை கண்டுபிடிக்கவேண்டும் என்று அப்போது நான் விரும்பினேன். என் வேலையில் ஒரு குறை. ஒரு கட்டு தளர்வு, ஓர் இடத்தில் இடைவெளி போதாது. ஏதாவது ஒன்று. அப்படியொன்று இருந்தால் அண்ணையை நான் மறித்ததற்கு ஓர் அர்த்தம் இருக்கும்.

நிமல் வெளியே வந்து கையைத் துடைத்தார். “வதனி, நல்ல வேலை” என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். “ஒரு பிழையும் இல்லை. பழைய வயரும் தேயவில்லை.”

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதைப்போல வலித்தது வேறில்லை. நன்றி சொல்லிவிட்டு விமானத்தின் மறுபக்கம் போய்ச் சக்கரத்தைப் பார்ப்பதுபோல் குனிந்து நின்றேன்.

விமானம் புறப்பட்டுப் போன பிறகுதான் செய்தி வந்தது. மச்சாள் பிழைத்துவிட்டார்.

உரும்பிராய்

அவர்கள் திரும்பி வர மாதங்கள் ஆயின. வந்ததும் அதே விமானத்தில்தான். நான் தளத்தில் நின்றேன். மச்சாள் மெலிந்து, படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார். என்னைக் கண்டு கையை அசைத்தார். அண்ணை அவருடைய முழங்கையைப் பிடித்தபடி, படியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கோப்பாயிலிருந்து உரும்பிராய்க்குச் சைக்கிளில் போகும் தூரம்தான். நான் போகவில்லை. அவரும் வரவில்லை. ஒருநாள் சுன்னாகம் சந்தையில் கண்டேன். வெங்காயச் சாக்கைத் தராசில் வைத்துவிட்டுத் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றார், நான் கடந்து போகும்வரை.

பிறகு மச்சாள் தொலைபேசி எடுத்தார். “வீட்டை வா. நான்தான் கூப்பிடுறன், அவரில்லை.”

போனேன். பின்னேரம். அண்ணை பின்பக்கம் கொட்டிலில் இருந்து வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தார். மச்சாளும் நானும் உள் அறையில் இருந்தோம், கொட்டில் பக்கக் கதவு திறந்திருந்தது. அவருக்கு எல்லாம் கேட்கும்.

“உள்ளை கொண்டுபோகேக்கை உன்னைத் திட்டினனான்” என்றார் மச்சாள். “வடிவாத் திட்டினனான். முடிக்கிறதுக்குள்ளை மயக்க ஊசி போட்டிட்டாங்கள்.”

இருவரும் சிரித்தோம். சிரித்தால் அவருக்கு இன்னும் நெஞ்சு நொந்தது. கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

“ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லு. அந்த வயர் தேய்ஞ்சிருந்ததோ?”

கொட்டிலில் வெங்காயத் தாள் சரசரத்தது.

ஓம் என்று சொல்லியிருக்கலாம். தேய்ந்து, செம்பு தெரிய இருந்தது என்று சொல்லியிருந்தால் அந்த வீட்டில் அன்றே எல்லாம் சரியாகியிருக்கும். அதைச் சரிபார்க்க அந்த வீட்டில் ஒருவராலும் முடியாது.

“இல்லை மச்சாள்” என்றேன். “ஒரு கீறல்கூட இல்லை.”

“அப்ப அண்டைக்கு விட்டிருந்தாலும் போய்ச் சேந்திருக்கும்?”

“ஓம். அநேகமாப் போய்ச் சேந்திருக்கும்.”

சரசரப்பு நின்றது. அண்ணை வாசற்படியில் வந்து நின்றார். கையெல்லாம் மண்.

“அநேகமா எண்டா?” என்றார். அத்தனை மாதத்துக்குப் பிறகு என்னோடு கதைத்த முதற் சொல்.

“அநேகமா எண்டா அநேகமாத்தான் அண்ணை. அதுக்கு மேலை எனக்குச் சொல்லத் தெரியாது.”

அவர் கையில் ஒட்டியிருந்த மண்ணை உதிர்த்தார்.

“திரும்பி வரேக்கை எனக்குச் செட்டையடியிலைதான் சீற் கிடைச்சது. இவள் நித்திரை. நான் வழி முழுக்க அந்தச் செட்டையைத்தான் பாத்துக்கொண்டு வந்தனான்.”

“இறக்கையிலை என்ன கண்டனீங்கள்?”

“ஒண்டும் நடக்கேல்லை” என்றார்.

முறைப்பாடு சொல்வது போலத் தொடங்கியவர், சொல்லி முடித்தபோது மச்சாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடுப்படிக்குப் போனார். கேத்திலைத் தூக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

“கோவம் போயிட்டுது எண்டு நினையாதை” என்று அங்கிருந்தே சொன்னார். “அது கிடக்குது. நீ இப்பவும் தேத்தண்ணிக்குச் சீனி போடுறனியோ?”

“ரெண்டு கரண்டி அண்ணை” என்றேன்.